மெல்லிய குரலுக்கு எந்தப் பெட்டி?

எங்கள் பக்கத்து வீட்டு நன்னிக்கு 78 வயது. கொள்ளுப் பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது அவர் பாடுகிற தாலாட்டு வாசலைத் தாண்டிக் கேட்காது. தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் அதைவிடப் பெரிது. இரண்டு தெரு தள்ளி ஒரு நையாண்டி மேளக் குழு இருக்கிறது. அவர்கள் ஒத்திகை தொடங்கினால் ஊர் எல்லையில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். இந்த இரண்டையும் வீட்டிலிருந்தபடியே ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கிளம்பியவன் நான். மைக்கையும் கணினியையும் இணைக்கும் விலை குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேலைக்குள் கற்றதுதான்.

பழனிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் கீரனூர் எழுத்தில் இருக்கிறது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’வையும் ‘கருத்த லெப்பை’யையும் படித்தவர்கள் இந்த ஊர்க்காரர்களை அறிவார்கள். ஒலியாக இந்த ஊர் இன்னும் பதிவாகவில்லை. நலுங்குப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களின் காவடிப் பாட்டு எல்லாம் பாடுகிறவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் ‘எந்தப் பெட்டி வாங்கலாம்’ என்ற கேள்வியை நான் வெறும் கடைக் கேள்வியாகப் பார்ப்பதில்லை.

மெல்லிய குரலைப் பிடிப்பது பதிவுத் தொழிலின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் சிக்கல். 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக்ரோபோன் கிடையாது. பாடகி ஒரு பெரிய கூம்புக்குள் பாடினார். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. தொண்டை வலுத்தவருக்குத்தான் அதில் இடம். நம் நாடக மேடையும் அப்படித்தான் இருந்தது. 1933இல் இளவயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்துப் பெயர் வாங்கியவர்கள். 1925 வாக்கில் மைக்ரோபோனும் ஆம்ப்ளிஃபையரும் பதிவறைக்குள் வந்த பிறகே முணுமுணுப்பாகப் பாடுகிறவரின் பாட்டும் தட்டில் ஏற முடிந்தது. நூறு ஆண்டு கழித்து நம் மேசைக்கு வரும் இந்தச் சின்னப் பெட்டியின் முதல் வேலையும் அதுதான். மைக் தரும் நூலிழை மின்சாரத்தை இரைச்சல் சேர்க்காமல் பெரிதாக்க வேண்டும். அதை எண்களாக்கிக் கணினிக்கோ போனுக்கோ அனுப்புவது இரண்டாவது வேலை. அங்கிருந்து வருவதை மறுபடி ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவது மூன்றாவது.

இரண்டாவது வேலையைப் பற்றி இன்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது அதைத்தான்: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். 16 பிட்டில் கணக்குப்படி 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும், 24 பிட்டில் 144. உண்மையில் எந்தப் பெட்டியும் 144ஐத் தொடுவதில்லை. நல்ல பெட்டிகள் 110 முதல் 120 வரை போகும். இப்போது நம் வீட்டுக்குள் வாருங்கள். நடுராத்திரியில் ஃபேனை நிறுத்திவிட்டாலும் ஓர் அறையில் ஏறக்குறைய 30 டெசிபல் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிற சாதாரணக் குரல் 80 டெசிபல். குரலுக்கும் அறைக்கும் இடைவெளி 50தான். அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளியை மிகச் சாதாரணப் பெட்டியும் தாங்கும். 192 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்குக் கேட்காத மேல்சுரங்களுக்காகக் கோப்பைப் பெருக்கும், அவ்வளவே. சிடிக்கு வகுத்த 44.1ம் வீடியோவுக்குப் பழகிவிட்ட 48ம் போதும். 24 பிட் மட்டும் இருக்கட்டும். அது இருந்தால் அளவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு நிம்மதியாக உயர்த்திக்கொள்ளலாம். பாடுகிறவர் உணர்ச்சியில் திடீரென்று குரலை ஏற்றினாலும் பதிவு உடையாது.

காசைப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய இடம் முதல் வேலைதான். கெயின், அதாவது பெரிதாக்கும் திறன். இதைச் சில எண்களோடு பார்த்தால்தான் விளங்கும். ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் 1966இலிருந்து மேடைகளில் இருக்கிறது. 94 டெசிபல் சத்தத்துக்கு அது தருவது 1.85 மில்லிவோல்ட். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் அதே சத்தத்துக்கு 14.1 மில்லிவோல்ட் தரும். ஏழரை மடங்கு வித்தியாசம். நன்னி பாடுவது 94 டெசிபலுக்கு எங்கோ கீழே. அவர் முன்னால் டைனமிக் மைக்கை வைத்தால் வருவது மில்லிவோல்ட்டில் சிறு பின்னம். அதைத் தேவையான அளவுக்குக் கொண்டுவர 60 டெசிபலை ஒட்டிய கெயின் வேண்டும். பெட்டியில் அவ்வளவு இருக்கிறதா, இருந்தாலும் குமிழைக் கடைசிவரை திருகும்போது உஸ் என்ற இரைச்சல் ஏறுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நான் முதலில் வாங்கிய பெட்டியில் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். எங்கள் ஊர் மைக் செட் கடைக்காரரிடம் ஒரு டைனமிக் மைக்கை இரவல் வாங்கினேன். கேபிளின் மறுமுனை பி-38 பின். பெட்டியின் முகத்தில் அந்தப் பின்னுக்கு ஓட்டை இருந்தது, பொருந்தவும் பொருந்தியது. குமிழை முழுக்கத் திருகியும் நன்னியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. ஒரு வாரம் பெட்டியைக் குறை சொன்னேன். தவறு என்னுடையது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் மைக்குக்கான ப்ரீஆம்ப் மூன்று கம்பி கேனான் பின் வழியாகத்தான் வேலை செய்யும். பி-38 ஓட்டை கிட்டார், கீபோர்டு போன்றவற்றுக்கானது. அதன் வழியே போகும் மைக்குக்கு முழு கெயின் கிடைக்காது. கடைக்காரரிடமே போய்ச் சொன்னேன். “அதுக்கென்ன தம்பி, மறுமுனையிலயும் கேனான் போட்டுத் தர்றேன்” என்று பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். ஒன்றாம் கம்பி ஷீல்டு, இரண்டும் மூன்றும் சிக்னல். அன்றைக்குத்தான் நன்னியின் குரல் முழுதாக வந்தது. நம் ஊர்களில் கையில் கிடைக்கும் மைக் பெரும்பாலும் கோயில் விழாவும் கல்யாணமும் பார்த்த டைனமிக் மைக்தான், அதன் கேபிள் பெரும்பாலும் பி-38தான். புதுப் பெட்டி வாங்கும் முன் கேபிளை மாற்றுங்கள்.

இரைச்சலுக்கு இயற்கையே ஓர் அடிமட்டம் வைத்திருக்கிறது. எந்த மின்தடையும் அறை வெப்பத்தில் தானாகவே கொஞ்சம் இரையும். 150 ஓம் தடைக்கு அது மைனஸ் 131 டிபியு (மின்னழுத்த டெசிபல்) அளவில் நிற்கும். இன்றைய விலை குறைந்த பெட்டிகளில் நல்லவை மைனஸ் 127, 128 என்று அதன் பக்கத்திலேயே வந்துவிட்டன. லட்ச ரூபாய்ப் பெட்டி வாங்கினாலும் இதில் மூன்று நான்கு டெசிபலுக்கு மேல் சம்பாதிக்க முடியாது. வேறு துறை எதிலும் ஏழைக்கும் பணக்காரருக்கும் இவ்வளவு குறைந்த தூரத்தை நான் கண்டதில்லை. ஃபோக்கஸ்ரைட் 1985இல் ரூபர்ட் நீவ் தொடங்கிய கம்பெனி. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்குக் கருவி செய்து கொடுத்து வளர்ந்தது. இன்று அந்தப் பெயர் போட்ட ஸ்கார்லெட் பெட்டி கூரியரில் கீரனூருக்கு வருகிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார், 1992இல் ‘ரோஜா’ வந்தது. அன்று வீட்டில் பதிவு என்பது சினிமா உலகத்துக்குள் இருக்கும் ஒருவர் எடுக்கக்கூடிய துணிச்சல். இன்று ஒரு நல்ல சைக்கிள் வாங்கும் காசு.

எந்தக் காசுக்கு எது என்று பார்ப்போம். விலை மாதத்துக்கு மாதம் நகரும், ஆகவே தோராயமாகவே சொல்கிறேன்.

ஆயிரம் ரூபாயை ஒட்டி வி8 என்ற பெயரில் விற்கும் பெட்டிகளில் கைதட்டல் சத்தம், சிரிப்புச் சத்தம் எல்லாம் பொத்தானில் வரும். அவை போனுக்கு அனுப்புவது பழைய ஹெட்போன் ஒயர் வழியாக. எண்ணாக்கும் வேலையைப் போனே செய்கிறது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் பவரும் அவற்றில் ஒழுங்காக இருக்காது. பாட்டைப் பதிவு செய்ய அவை வேண்டாம்.

5,000 ரூபாய்ப் பக்கத்தில் பெரிங்கர் யுஎம்2. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் அசியோ டிரைவர் அதற்கென்று தனியாக இல்லாததால் அசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட வேண்டும். கண்டென்சர் மைக்கோடு, உரத்த குரலுக்கு, கற்றுக்கொள்வதற்கு இது போதும். நன்னிக்குப் போதாது. 10,000 ரூபாயை ஒட்டி அதே கம்பெனியின் யுஎம்சி202எச்டி வருகிறது. இரண்டு மைக் போடலாம், 24 பிட், சொந்த டிரைவர். ப்ரீஆம்ப்பில் மைடாஸ் பெயர் இருக்கும். பழைய இங்கிலாந்து மிக்ஸர் கம்பெனியான மைடாஸை பெரிங்கர் குழுமம் 2009இல் வாங்கியது. மேளக்காரர்களுக்கு நான் சொன்னது இதைத்தான். அவர்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, எங்களுக்குச் சத்தம் பத்தலைன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல” என்றார். அது தொழில்நுட்பப்படியும் சரியான பேச்சு. தவிலுக்கும் உறுமிக்கும் கெயின் ஏறக்குறையத் தேவையே இல்லை. குமிழைக் கீழே இறக்கியும் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக்கை நாலு அடி தள்ளி வைத்தால் முடிந்தது. மேளத்துக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் இரைச்சலற்ற கெயின் வீண்.

மெல்லிய குரலுக்குத்தான் அந்தக் காசு. ஆடியண்ட் ஈவோ 4இல் 58 டெசிபல் கெயின் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பாடச் சொன்னால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். மோட்டு எம்2இல் 60. அதன் முகத்தில் இருக்கும் சின்னத் திரையில் அளவு தெளிவாகத் தெரியும், ஹெட்போன் ஒலியும் சுத்தம். 2019இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2இல் 56, 2023இல் வந்த நான்காம் தலைமுறையில் 69. கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே நான்காம் தலைமுறையின் ஸோலோ பெட்டியில் 57தான், தானே அளவு வைக்கும் வசதியும் இல்லை. பெயரும் நிறமும் ஒன்று என்பதற்காக விலை குறைந்ததை எடுத்துவிட்டு ஏமாறக் கூடாது. டைனமிக் மைக்கும் மெல்லிய குரலும் உள்ள வீட்டுக்கு நான்காம் தலைமுறை 2ஐ2 சரியான தேர்வு. 15,000 முதல் 20,000 ரூபாயை ஒட்டி ஈவோ 4, எம்2, இந்த 2ஐ2 ஆகிய மூன்றில் எதை வாங்கினாலும் பல ஆண்டுக்குப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டியிருக்காது. மூன்றாம் தலைமுறையைப் பழையதாக நல்ல விலையில் பார்த்தால், கூட ஒரு கண்டென்சர் மைக் வாங்கும் எண்ணம் இருந்தால், அதுவும் நல்ல வழி. மைக் தரும் ஏழரை மடங்கு பலம் கெயின் குறைவை ஈடுசெய்துவிடும்.

இதிலிருந்துதான் என் மொத்தக் கருத்தும் வருகிறது. பெட்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. யார் பாடுகிறார்கள், கையில் என்ன மைக் இருக்கிறது என்பதை முதலில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு வர வேண்டும். எந்த விலைப் பட்டியலும் தராத கெயின் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். ஒன்றரைச் சாண் தூரத்தை முக்கால் சாண் ஆக்குவதும் கூடுதல் விலைப் பெட்டி வாங்குவதும் அந்த அளவில் ஒன்றுதான். நன்னி முதலில் மைக்கைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏம்ப்பா, இது என்னத்துக்கு? நான் பாடுறது உனக்குக் கேக்கலியா?” பிறகு தொட்டில் கம்பிலேயே மைக்கைக் கட்டிவிட்டேன். அவர் அதை மறந்தார்.

வாங்குகிறவர்களைக் குழப்புவது லேட்டன்சி என்கிற தாமதம். பாடுகிறவரின் குரல் கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்போனுக்கு வர ஆகும் நேரம் அது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் கொண்ட பஃபர் வைத்தால் ஒருவழிக்கு 2.7 மில்லிசெகண்ட். போகவர எல்லாம் கூட்டினால் பத்தைத் தொடலாம். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் 34 செண்டிமீட்டர் போகும். ஆக, பத்து மில்லிசெகண்ட் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் தவில்காரரைக் கேட்பதற்குச் சமம். கச்சேரி மேடையில் தினமும் நடப்பது. போதாக்குறைக்கு எல்லா நல்ல பெட்டியிலும் டைரக்ட் மானிட்டர் உண்டு. குரல் கணினிக்குள் போய்த் திரும்பக் காத்திராமல் அதை நேரே ஹெட்போனுக்கும் அனுப்பும் வழி. தனியாகப் பாடிப் பதிவு செய்கிறவர் தாமதத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் வாசிக்கிறவருக்கு மட்டும் டிரைவரின் தரம் முக்கியம். மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. விண்டோஸில் கம்பெனியின் சொந்த அசியோ டிரைவர் உள்ள பெட்டியாகப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் லேப்டாப்பைவிடப் போன்தான் அதிகம். ஆண்ட்ராய்டு 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோவை ஏற்கிறது. ஐபோன் 15இலிருந்து சி வகை ஓட்டையே இருக்கிறது. தனி டிரைவர் கேட்காத, கிளாஸ் கம்ப்ளையண்ட் என்று சொல்லும் பெட்டி போனில் நேரே வேலை செய்யும். இடிப்பது மின்சாரம். 48 வோல்ட் ஃபாண்டமைப் போட்டதும் பல போன்கள் பெட்டியைக் கைவிடும். சார்ஜரோடு இணையும் யுஎஸ்பி ஹப் ஒன்று இடையில் வேண்டும். போனின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சுக்குச் சரி. தாலாட்டில் வரி முடிந்து இழுக்கும் ஆராரோவின் வாலை, அது தொடர்ந்து வரும் இரைச்சல் என்று எண்ணிப் போன் அறுத்துவிடுகிறது. பாட்டில் எனக்கு உயிரானது அந்த வால்தான்.

பெட்டிக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: எர்த். லேப்டாப்பை சார்ஜரில் போட்டதும் பதிவில் ம்ம்ம் என்று ஓர் ஓசை வந்தால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். எடுத்த எடுப்பில் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். ஓசை நின்றால் பெட்டியில் குறையில்லை. எங்கள் வீட்டில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் ஓசை பாதியானது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். ஓசை போகும், உயிருக்கும் ஆபத்து வரும்.

அறையும் பெட்டியைவிடப் பெரிய விஷயம். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எந்தப் பெட்டியும் குளியலறைக் குரலைத்தான் தரும். பவானி ஜமக்காளம் இரண்டைப் பாடுகிறவருக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்டு, கீழே இலவம்பஞ்சு மெத்தையை விரித்தால் எதிரொலி அடங்கும். ஆடிக் காற்றில் ஜன்னல் சும்மா இருக்காது. மயில்கள் விடிந்ததும் அகவும். பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, பால் வண்டி எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டியது எனக்கு எந்தக் கருவியையும்விட உதவியது.

பெட்டியோடு இலவசமாக வரும் மென்பொருள்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 2000இலிருந்து இருக்கும் ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். சிப்புகளின் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஒலிச் சிப்புகள் செய்யும் ஏகேஎம் தொழிற்சாலை எரிந்தபோது, அந்தச் சிப்பை நம்பியிருந்த பல கம்பெனிகள் வேறு சிப்புக்கு மாறின. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த பெட்டிகளில் பாட்டின் வித்தியாசம் சாதாரணக் காதுக்குப் பிடிபடாது. ஊரூராகப் பாட்டு சேகரிக்கக் கிளம்பும் இளைஞருக்கு என்னை 20,000 ரூபாயைப் பிரித்துத் தரச் சொன்னால் பாதியை மட்டும் பெட்டிக்குத் தருவேன். மீதியில் ஒரு நல்ல கண்டென்சர் மைக், ஸ்டாண்டு, காதை மூடும் ஹெட்போன். புது மைக் வாங்காமல் டைனமிக் மைக்கிலேயே நிற்கிறவர் மட்டும் பெரும்பகுதியைப் பெட்டியில் போடட்டும்.

நன்னியை மூன்று வைகறைகளில் பதிவு செய்தேன். ஒற்றை மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மணி நேரத்துக்கு 518 எம்பி ஆகிறது. மூன்று பென் டிரைவில் பிரதி எடுத்து ஒன்றை அவர் பேத்தியிடம் கொடுத்தேன். இரண்டாம் நாள் பதிவில், பாட்டுக்கு நடுவே பிள்ளை கண் விழித்துச் சிணுங்குவதும் அவர் பாட்டை நிறுத்தாமலே குரலை இன்னும் தாழ்த்துவதும் கேட்கின்றன. அப்படித் தாழ்த்திய இடத்திலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது.